கியர் இல்லாத சைக்கிளுக்கு எந்தப் பிரேம்? மதுரைத் தேவைகளை வைத்து ஓர் ஒப்பீடு

மதுரை பெரும்பாலும் சமதளத்தில் அமைந்த ஊர். ஆனைமலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம் என்று மலைகளின் பெயர்கள் பல இருந்தாலும் சாலைகள் அவற்றின் ஓரமாகவே செல்கின்றன. அன்றாடம் மிதிப்பவருக்கு ஏற்றமாக வாய்ப்பவை வைகைப் பாலங்களின் ஏறுவழிகளும், நத்தம் சாலையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலத்தைப் போன்றவையும்தான். ஆகவே வேலைக்கும் கடைக்கும், அவ்வப்போது மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தைக்குமாக நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மிதிக்கும் ஒருவருக்கு, முன்னால் ஒரு பல்சக்கரமும் பின்னால் ஒரு பிரீவீலும் உள்ள சைக்கிளே போதும். அது போதுமா என்பதில் பெரிய விவாதம் இல்லை. அதை எந்தப் பிரேமில் அமைப்பது என்று கேட்டால்தான் கடைக்குக் கடை வேறு பதில் வருகிறது.

இங்கே கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, தாத்தா காலத்திலிருந்து உருவம் மாறாத கறுப்பு நிறப் பெரிய சைக்கிள்: 22 அல்லது 24 அங்குலப் பிரேம், 28 × 1½ சக்கரம், கம்பி பிரேக். இரண்டாவது, மலைச் சைக்கிளின் தோற்றத்தில் 26 அங்குலத் தடித்த டயருடன் கியர் இல்லாமல் வருவது. மூன்றாவது, பந்தயச் சைக்கிளின் சாயலில் 700சி மெல்லிய டயர் போட்டது. நான்காவது, பழைய கியர் சைக்கிளின் பிரேமை மட்டும் வாங்கி, கியரைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பிரீவீலுக்கு மாற்றிக்கொள்வது. பார் இல்லாத லேடீஸ் சைக்கிளையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். அதைப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை என்பதால் பின்னால் தனியாகப் பேசுகிறேன்.

ஒப்பிடும்போது ஒரு கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: இதைப் பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா? சீட், ஹேண்டில்பார், பெடல், டயர் ஆகியவற்றை எந்தக் கடையிலும் மாற்றலாம். செலவழித்தால் சக்கரத்தையேகூட மாற்றலாம். பின் அச்சு உட்காரும் வெட்டின் வடிவம், டயருக்கு விட்டிருக்கும் இடைவெளி, பிரேக் மாட்டும் இடம், கேரியருக்கான திருகுத் துளைகள், பின்புறக் குழாய்களின் நீளம் ஆகியவை மட்டும் பிரேம் செய்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கும். கடைக்காரர் முதலில் எடுத்துச் சொல்வது நிறத்தையும் எடையையும் பற்றி. வாங்குபவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது பின்சக்கரத்தின் நட்டை.

அந்த நட்டுக்கு உள்ளே, அச்சு நுழைந்து உட்காரும் தகட்டு வெட்டைச் சுருக்கமாக ‘வாய்’ என்று இங்கே குறிப்பிடுகிறேன். கியர் சைக்கிளில் செயினின் தொய்வை ஸ்பிரிங் வைத்த கியர் கருவியே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கியர் இல்லாத சைக்கிளில் அப்படி எதுவும் இல்லை. சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்தித்தான் செயினை இறுக்க வேண்டும். ஆகவே வாய் கிடைமட்டமாக, போதிய நீளத்துடன் இருப்பது அலங்காரம் அல்ல, அடிப்படைத் தேவை.

எவ்வளவு நீளம் போதும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். செயினில் உள் தகடும் வெளித் தகடும் சேர்ந்த ஒரு முழு லிங்க்கின் நீளம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. ஒரு லிங்க்கைக் கழற்றினால் செயின் மேலும் கீழுமாகச் சரிபாதி குறைவதால் அச்சு 12.7 மி.மீ. முன்னால் வரும். செயின் தேயத் தேய நீளும். ஏறக்குறைய நூறு அரை அங்குலத் துண்டுகள் கொண்ட செயின் முக்கால் சதவீதம் நீண்டால் அச்சு சுமார் 5 மி.மீ. பின்னுக்குப் போக வேண்டியிருக்கும். 18 பல் பிரீவீலைக் கழற்றி 20 பல் போட்டுப் பார்க்க விரும்பினால் இன்னும் 6 மி.மீ. வேண்டும். மூன்றையும் கூட்டினால் 24 மி.மீ. ஆகிறது. ஆகவே வாயின் பயன்படும் நீளம் ஓர் அங்குலம் இருந்தால் வாழ்நாள் முழுவதும் கவலை இல்லை. 15 மி.மீ. மட்டும் இருந்தால் செயினை எந்த லிங்க்கில் வெட்டுவது என்று ஒவ்வொரு முறையும் தலையைச் சொறிய வேண்டிவரும்.

பழைய கியர் பிரேமை மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அண்மைக் காலக் கியர் பிரேம்களில் வாய் செங்குத்தாகக் கீழ்நோக்கி வெட்டப்பட்டிருக்கும். அச்சு மேலே போய் முட்டி நின்றுவிடும், முன்பின் நகராது. ஸ்பிரிங் கருவி ஒன்றை மாட்டிச் செயினை இறுக்கலாம். ஆனால் கியர் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணமே, மணலும் சேறும் புகுந்து கெடும் அந்த ஸ்பிரிங்கும் சிறு பற்சக்கரங்களும் வேண்டாம் என்பதுதானே. பெடல் அச்சையே மையம் விலகிய உருளைக்குள் வைத்துத் திருப்பி இறுக்கும் பிரேம்களும், வாயைத் தாங்கும் தகடே நகரும் பிரேம்களும் உண்டு. இரண்டும் நல்ல தீர்வுகள் என்றாலும் உள்ளூரில் உதிரிபாகம் தேடி அலைய நேரும் என்பதால் அன்றாடச் சைக்கிளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். செங்குத்து வாய் உள்ள பிரேம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒற்றைப் பிரீவீலுக்கு விட்டுவிடுவதே நல்லது.

கிடைமட்ட வாயிலும் இரண்டு உண்டு. ஒன்று முன்நோக்கித் திறந்திருக்கும், மற்றொன்று பின்நோக்கி. முன்நோக்கிய வாயில் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னால் தள்ளினால் கழன்றுவிடும். மட்கார்டு குறுக்கே வராது. பின்நோக்கிய வாயில் சக்கரத்தைப் பின்னால் உருவ வேண்டும். மட்கார்டு தடுக்கும், செயினையும் முதலில் இறக்கிவிட வேண்டும். இதனால் மட்கார்டு உள்ள சைக்கிளுக்கு முன்நோக்கிய வாயே ஏற்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊருக்கு இந்த வாதம் பாதிதான் பொருந்தும். சக்கரத்தைக் கழற்றாமலே, சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, ஒரு பக்கம் டயரை நெம்பி, டியூபை மட்டும் வெளியே இழுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பஞ்சர் பார்க்கும் கடை இங்கே தெருவுக்கு ஒன்று இருக்கிறது. டயர் மாற்றும் நாளிலும் ஓவராயிலுக்கு விடும்போதும்தான் சக்கரம் கழல வேண்டியிருக்கிறது. அதற்காகப் பின்நோக்கிய வாயை ஒதுக்க வேண்டியதில்லை.

மாறாக, பின்நோக்கிய வாய்க்கு ஒரு நற்குணம் உண்டு. அழுத்தி மிதிக்கும்போது செயின் வலப்பக்க அச்சை முன்னால் இழுக்கிறது. நட்டு தளர்ந்திருந்தால் முன்நோக்கிய வாயில் அச்சு திறந்த பக்கமாகவே நழுவி, டயர் இடப்பக்கக் குழாயில் உரசி, சக்கரம் இறுகி நின்றுவிடும். பின்நோக்கிய வாயில் செயின் அட்ஜஸ்டர் மாட்டித் திருகி வைத்துவிட்டால் நட்டு சற்றுத் தளர்ந்தாலும் அச்சு அசையாது. பழைய பிரேம் வாங்கும்போது சக்கரத்தைக் கழற்றச் சொல்லி வலப்பக்க வாயின் வெளி முகத்தைப் பாருங்கள்: நட்டின் பற்கள் பதிந்த வளையம் ஒரே இடத்தில் ஆழமாக இருந்தால் நல்லது. பெயிண்ட் உரிந்து, முன்பக்கமாக வரிவரியாகக் கீறல் இழுத்திருந்தால் அந்தச் சக்கரம் பலமுறை நழுவியிருக்கிறது; தகடு தேய்ந்திருக்கவும் கூடும்.

பின்நோக்கிய வாயின் குறை பிரேக்கோடு சேர்ந்து வரும். அச்சைக் கிடைமட்டமாகப் பின்னுக்கு நகர்த்தும்போது, பின் அச்சிலிருந்து சீட்டை நோக்கிச் சாய்ந்து ஏறும் குழாயில் பொருத்திய பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள உறவு மாறுகிறது. 5 மி.மீ. நகர்ந்தால் கட்டை ரிம்மில் படும் இடம் ஏறக்குறைய 2 முதல் 3 மி.மீ. டயர் பக்கமாக ஏறிவிடும். கவனிக்காமல் விட்டால் கட்டை டயரின் ஓரத்தைச் சுரண்டி, உள்ளே இருக்கும் நூல் தெரியத் தொடங்கும். செயின் இறுக்கும் அன்றே பிரேக் கட்டையையும் ஒரு சுற்று தளர்த்திச் சரிசெய்யச் சொல்லிவிட்டால் போதும்.

அடுத்தது டயருக்கான இடைவெளி. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க்கரைகளிலும் சாலையோரங்களிலும் சீமைக்கருவேல முள் இல்லாத இடம் அரிது. ஊருக்குள்ளோ குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணை மட்டும் தள்ளி மூடிய பள்ளங்கள். 25 அல்லது 28 மி.மீ. டயருக்கு மேல் இடம்கொடுக்காத பந்தயச் சாயல் பிரேம், அதிலும் மட்கார்டு மாட்டவே இடைவெளி இல்லாதது, எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே அன்றாடப் பயன்பாட்டுக்கு உதவாது. 40 மி.மீ. டயரும் அதைச் சுற்றி மட்கார்டும் உரசாமல் சுழல வேண்டும். டயரின் இரு பக்கமும் ஒரு சுண்டுவிரல் நுழையும் அளவு இடம் தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாம். 35 மி.மீ. டயருக்கு இடம் தரும் 700சி பிரேம்களும் இருக்கின்றன. மூன்றாம் வகையை விரும்புகிறவர்கள் அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

சக்கர அளவுகளில் பெயர்க் குழப்பம் அதிகம் என்பதால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மூன்றிலக்க எண்ணைப் பார்ப்பதே நம்பகமான வழி. பெரிய சைக்கிளின் 28 × 1½ டயருக்கு அந்த எண் 635, 700சிக்கு 622. இரண்டையும் ‘இருபத்தெட்டு’ என்றே அழைப்பவர்கள் உண்டு. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. அதேபோல் மலைச் சைக்கிளின் 26 அங்குலம் 559; 26 × 1⅜ என்று எழுதியிருக்கும் டயர் 590. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துச் சிறு கடைகளில் எது தொங்குகிறது என்பதை வைத்து முடிவெடுப்பதே அறிவுடைமை. 559 டயரும் 635 டயரும் கிராமக் கடைகளில் கிடைத்துவிடும். 622க்கு நகரத்துக்குத்தான் வர வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்றைக் கேட்டால் நான் 559ஐச் சொல்வேன்: சிறிய சக்கரம், ஆரக்கம்பிகள் குட்டை, பாரம் ஏற்றினாலும் எளிதில் கோணாது, 44 முதல் 50 மி.மீ. வரை டயர் போடலாம். அந்த வகையில் ஸ்பிரிங் வைத்த போர்க்குடன் வருவதை மட்டும் தவிர்த்துவிடலாம். மலிவு விலையில் வரும் அந்த ஸ்பிரிங் எடையைக் கூட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. தடித்த டயரே பாதி அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

பிரேக்கைப் பொறுத்தவரை பிரேம் எதை அனுமதிக்கிறது என்பதே கேள்வி. கம்பி பிரேக் ரிம்மின் உள்பக்கத்தை அழுத்துவது. அதற்கேற்ற இரும்பு ரிம்மைத் தவிர வேறெதிலும் வேலை செய்யாது. கேபிள் அறுந்துபோகும் தொல்லை அதில் இல்லை, எந்த ஊரிலும் சரிசெய்துவிடலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிம்மக்கல் ரவுண்டானாவில் ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்கும்போது இது சிறு குறை அல்ல. அலுமினிய ரிம்மும், அதை இருபுறமும் இரண்டு கைகளால் கவ்வும் வி பிரேக்கும் அந்த மழையிலும் நிறுத்தும். வி பிரேக்குக்கு போர்க்கிலும் பின் குழாய்களிலும் பற்றவைத்த குமிழ்கள் வேண்டும். அவை ஒரு சக்கர அளவுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் பின்னாளில் வேறு அளவுச் சக்கரம் போட முடியாது. நடுவில் ஒரே போல்ட்டில் தொங்கும் காலிப்பர் பிரேக்குக்கு அந்தக் கட்டுப்பாடு ஓரளவு தளரும்: 635க்குச் செய்த பிரேமில் 622 சக்கரம் போட்டால் கட்டையை 6.5 மி.மீ. இறக்கினால் போதும், காலிப்பரின் கை அவ்வளவு நீண்டிருக்க வேண்டும், அவ்வளவே. டிஸ்க் பிரேக்கை முன்சக்கரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பின்சக்கரத்துக்கு வேண்டாம், செயினை இறுக்க அச்சை நகர்த்தும்போதெல்லாம் டிஸ்க்கின் பிடிப்பானையும் நகர்த்த வேண்டிய கிடைமட்ட வாயில் அது ஓயாத வேலை.

இனி பார். முழு முக்கோணமாக மூடிய பிரேமே முறுக்கத்தை நன்றாகத் தாங்கும் என்பது பொறியியல். பின்னால் அரிசி மூட்டையைக் கட்டியபின் காலைத் தூக்கி மூட்டைக்கு மேல் சுழற்றி ஏற முடியாது என்பது நடைமுறை. வேட்டி கட்டியவருக்கும் சேலை கட்டியவருக்கும், முழங்கால் வலியுள்ள பெரியவருக்கும், முன் பாரில் பேரனை உட்காரவைத்த தாத்தாவுக்கும் தேவை வெவ்வேறு. 22 அங்குலப் பிரேமில் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்குப் பார் இல்லாத சைக்கிள் என்றால் ஒரு கூச்சம் இருக்கிறது. அதை விட்டுவிட்டால், ஊருக்குள் அடிக்கடி ஏறி இறங்கி, பத்துப் பதினைந்து கிலோ பையோடு போகிறவருக்குப் பார் இல்லாத பிரேமே வசதியானது என்பது என் முடிவு. பதினோராம் வகுப்பு மாணவியருக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளும் இந்த அமைப்பில்தான் இருக்கின்றன என்பதால் அதைப் பழுதுபார்க்கத் தெரியாத கடை தமிழ்நாட்டில் இல்லை. முப்பது நாற்பது கிலோவைக் கேரியரில் ஏற்றுபவர், பால் கேன் தொங்கவிடுபவர் ஆகியோருக்கு அது ஆகாது. பாரம் ஆடும்போது பிரேமும் சேர்ந்து ஆடும், ஹேண்டில்பார் கையில் நிற்காது. அவர்களுக்குப் பார் உள்ள, பின்புறக் குழாய்கள் நீண்ட பெரிய சைக்கிள் பிரேமை மிஞ்ச எதுவும் இல்லை.

பின்புறக் குழாய் என்றதும் அதன் நீளத்தையும் சொல்லிவிட வேண்டும். பெடல் அச்சிலிருந்து பின் அச்சு வரை 45 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பக்கவாட்டில் தொங்கும் பையில் குதிகால் இடிக்காது. கேரியரின் பாரமும் பின் அச்சுக்கு வெளியே போகாமல் சற்று முன்னால் நிற்கும். பந்தயச் சாயல் பிரேம்களில் இது 40 செ.மீ. சுற்றி இருக்கும். அவற்றில் முன்பக்கமும் நெருக்கம்தான்: மட்கார்டு மாட்டிவிட்டு, கீழமாசி வீதியில் மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவே மெதுவாக ஹேண்டிலை ஒடித்துத் திருப்பினால் செருப்பு நுனி மட்கார்டில் தட்டும். வேகமாகப் போகும்போது தெரியாத இந்தக் குறை ஊர்ந்து போகும்போதுதான் ஆளைச் சாய்க்கும்.

கேரியரும் மட்கார்டும் எங்கே மாட்டப்படுகின்றன என்பதில் பலர் கவனம் செலுத்துவதில்லை. பெரிய சைக்கிளில் ஸ்டாண்டு, கேரியரின் கால், மட்கார்டுக் கம்பி எல்லாம் பின் அச்சிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கப்பட்டு, ஒரே நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். பாரத்தின் அதிர்வில் நடுவே உள்ள பெயிண்ட் நசுங்கி நட்டு தளரும். செயினை இறுக்க வேண்டுமென்றால் இத்தனையையும் தளர்த்தியாக வேண்டும். வாய்க்கு மேலே கேரியருக்கு ஒன்று, மட்கார்டுக்கு ஒன்று என 5 மி.மீ. திருகுத் துளைகள் தனியாக இருக்கும் பிரேமில் இந்தத் தொல்லை இல்லை. புதுப் பிரேமில் அந்தத் துளைகளைப் பெயிண்ட் அடைத்திருந்தால் கடைக்காரரிடமே போல்ட்டை ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லலாம். துளையே இல்லாத பிரேமுக்குக் குழாயைக் கவ்வும் கேரியர் விற்கிறார்கள். இருபது கிலோ ஏற்றினால் அது மெல்லக் கீழே சறுக்கி மட்கார்டில் உட்கார்ந்துவிடும்.

இரும்பா அலுமினியமா என்பதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது கடைசியில் வர வேண்டியது என்பதுதான். இரண்டு பிரேம்களுக்கும் எடையில் வித்தியாசம் ஒரு கிலோ சொச்சம். மிதிப்பவர், பை, சைக்கிள் சேர்ந்து தொண்ணூறு கிலோவாகும் இடத்தில் அது பெரிய கணக்கில்லை. துரு பற்றிய அச்சமும் இராமேசுவரம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களுக்குப் பொருந்தும் அளவுக்கு மதுரைக்குப் பொருந்தாது. இரும்புப் பிரேமில் ஒரு விரிசல் விட்டால் கேஸ் வெல்டிங் பட்டறையில் பித்தளை ஓட்டி ஒட்டிவிடலாம். பின் வாய்கள் இரண்டுக்கும் நடுவே 130 மி.மீ. இடைவெளி உள்ள இரும்புப் பிரேமில் 135 மி.மீ. ஹப்பைக்கூடச் சற்று விரித்து உட்காரவைக்கலாம். அலுமினியத்தில் இவற்றைச் செய்யக் கூடாது. குரோமோலி இரும்பு கிடைத்தால் எடையும் குறையும். கிடைக்காவிட்டால் சாதாரண இரும்பே போதும்.

பெடல் அச்சு உட்காரும் கூடு 68 மி.மீ. அகலமும் 1.37 அங்குலம் × 24 திருகும் (1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி) கொண்டதாக இருந்தால், பால்ரஸ் போட்ட பழைய அச்சு தேய்ந்தபின் மூடிய பேரிங் அச்சுக்கு மாறிக்கொள்ளலாம். பெடல் கையை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னைச் சுத்தியால் தட்டும் வேலையும் அன்றோடு முடியும். வலப்பக்கக் கப் இடஞ்சுழித் திருகு என்பதை மட்டும் மெக்கானிக்குக்கு நினைவூட்டுங்கள். செயினை ஒட்டிய குழாயில் 44 பல் சக்கரம் உரசாமல் சுழல இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். 44க்கு 18 என்பது பெரிய சைக்கிளின் வழக்கமான இணை. 26 அங்குலச் சக்கரத்தில் அதே இணை இன்னும் சற்று இலகுவாகி, பாலத்து ஏற்றத்தில் இறங்காமல் மிதிக்க உதவும்.

என் தேர்வைக் கேட்டால், 559 சக்கரத்துக்கான இரும்புப் பிரேம், ஸ்பிரிங் இல்லாத போர்க், ஓர் அங்குலக் கிடைமட்ட வாய், வி பிரேக் குமிழ், தனித் துளைகள். புதிதாக இது முழுமையாக ஒரே சைக்கிளில் அமைவது அரிது. பழைய சைக்கிள் விற்கும் கடைகளில் அம்பத்தூர், லூதியானா, சோனிபத் ஆலைகளில் செய்த இரும்புப் பிரேம்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. தேடினால் அவற்றில் அமையும். வாங்குமுன் சீட் கம்பியை உருவிவிட்டுப் பிரேமைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். செந்தூள் கொஞ்சம் உதிர்ந்தால் பரவாயில்லை. செதில் செதிலாக விழுந்தால் வைத்துவிடுங்கள். பிறகு ஒரு நூலை இடப்பக்க வாயில் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றி, வலப்பக்க வாயில் இழுத்துக் கட்டி, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் ஸ்கேலால் அளந்து பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். ஐந்து மி.மீ.க்கு மேல் போனால், இரும்பாக இருந்தால் நிமிர்த்தும் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள். அலுமினியமாக இருந்தால் கடைக்காரர் பாதி விலை சொன்னாலும் வாங்காதீர்கள்.